ஏழு மார்க் வாங்கித் தந்த நோத்ர் தாம்

ரத்ரபாஷ், அதாவது தவறிய பாடத்துக்கான மறுதேர்வின் முடிவு நேற்று சாயங்காலம் வந்தது. அடிப்படை உரிமைகள் பாடத்தில் 20-க்கு 14. டிசம்பர் பார்சியலில் (பருவத் தேர்வில்) இதே பாடத்தில் எனக்கு 7. மற்ற பாடங்களின் சராசரி தூக்கிவிடும் என்று நம்பினேன், தூக்கவில்லை. இப்போது மிஷன் வீதிப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, செப்டம்பரில் புதுச்சேரியிலிருந்து பாரிசுக்குச் சட்டம் படிக்கப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பி2 பிரெஞ்சுச் சான்றிதழ் எடுப்பது, விசா, அறை தேடுவது எல்லாம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒரே ஒரு தப்பைப் பற்றி.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. வீட்டில் கரண்ட் இல்லை, அம்மா போன் இரண்டு நாள் அணைந்தே கிடந்தது. அந்த வாரம் நான் பாரிசில் பாடத்தைவிட ரேடார் படத்தைத்தான் அதிகம் பார்த்தேன். பரீட்சை டிசம்பர் 9, திங்கட்கிழமை. பாரிசின் நோத்ர் தாம் பேராலயத்தின் மறுதிறப்பு 7, சனிக்கிழமை. 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி அந்தக் கோயில் எரிந்தபோது பிளஸ் டூ ரிசல்டுக்குக் காத்திருந்தேன். கூர்கோபுரம் சரிந்தது நம்மூர் நேரப்படி ராத்திரி பதினொரு மணிக்கு மேல். டிவி முன்னால் அம்மா ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அதே கோயில் திறக்கும்போது அரை மணி தூரத்தில் இருந்துகொண்டு அறையில் நோட்ஸ் படிக்க என்னால் முடியாது. போனேன்.

கோயில் இருக்கும் தீவுக்குள் அழைப்பு உள்ளவர்களையும் அங்கே குடியிருப்பவர்களையும் மட்டுமே விட்டார்கள். சேன் நதியின் இடது கரையில், பெரிய திரைக்கு எதிரே நின்றேன். அங்கேயும் புயல், பெயர் டாரா. தானே, ஃபெஞ்சல் புயல்களைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இது பெரிய காற்றில்லை, ஆனால் குளிர் எலும்பில் ஏறியது. பக்கத்தில் நின்ற கிழவியின் குடை மடங்கி மேல்நோக்கி விரிந்துகொண்டது. அதை நிமிர்த்தக்கூட இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். பேராயர் லோரான் உல்ரிக், எரிந்த கூரை மரத்தில் செய்த செங்கோலால் கதவை மூன்று முறை தட்டினார். வீட்டிலிருந்து அம்மா, "கதவத் தட்டுறாங்க பாரு கண்ணு"ன்னு வாட்ஸ்அப் அனுப்பினாள், திரையில் நான் பார்க்காததுபோல. அப்புறம் ஆர்கன். சுமார் 8,000 குழல்கள். தீ தொடவில்லை, ஆனால் ஈயத்தூசி படிந்துபோனதால் கழற்றித் துடைத்து மறுபடி சுருதி கூட்டியது. பேராயர் எட்டு முறை அழைத்து அதை எழுப்பினார். முதல் சத்தம் வந்தபோது கரையில் ஒருத்தர்கூடப் பேசவில்லை.

அரசையும் மதத்தையும் பிரித்த பிரான்சின் 1905 சட்டத்தைப் பற்றி கோட்டுப் பையில் மடித்து வைத்திருந்த குறிப்பு நனைந்து நீலக் கூழாகிவிட்டது.

மறுநாள் 8-ஆம் தேதி. அங்கே முதல் திருப்பலி, இங்கே நம் சம்பா கோயில் அமலோற்பவ மாதா திருவிழா. நாள் முழுக்க அம்மா, சித்தி, அத்தை என்று போனில் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதுதான் வினையானது. சொல்லிச் சொல்லிக் கதை நாக்கில் ஊறிவிட்டது.

திங்கட்கிழமை கேள்வி: அரசே உடைமையாளராக இருக்கும் வழிபாட்டுத் தலங்களும் அரசின் நடுநிலையும். டிசம்பர் 9 என்பதே 1905 சட்டம் வந்த நாள், ஊகித்திருக்க வேண்டும். எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. முன்னுரை ஒன்றரைப் பக்கம்: காற்று, மூன்று தட்டு, குடை. "நான் அங்கே நின்றபோது" என்று இரண்டு முறை. காப்பி (விடைத்தாள்) ஓரத்தில் சிவப்பில் திருத்தியவர் எழுதியிருந்தது: இது சாட்சியம். வாதம் எங்கே?

வாதம் என் கண்முன்னாலேயே நடந்திருக்கிறது. கோயில் அரசுடையது, பயன்பாடு மட்டும் திருச்சபைக்கு, இலவசமாக, அதற்கு மட்டுமே. அதனால்தான் ஜனாதிபதி வெளியே முற்றத்தில் பேசுவதாக ஏற்பாடு. காற்று அவரை உள்ளே தள்ளியது. அக்டோபரில் கலாச்சார அமைச்சர் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வைக்கலாம் என்றார், மறைமாவட்டம் மறுத்தது. 1905 சட்டத்தின் 17-ஆவது பிரிவு அப்படிக் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. ஆர்கனைப் பற்றி உருகி எழுதினேனே, த்ரெலாசே வழக்கு (பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்சேய் தெத்தா, 2011 ஜூலை 19) ஒரு ஊராட்சி ஆர்கன் வாங்கிக் கோயிலில் வைத்ததைப் பற்றியதுதான்! அதன் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஜூன் ரத்ரபாஷுக்கு நான் மாற்றிக்கொண்டவை:

– காப்பியில் "நான்" கிடையாது. மற்ற எதை மறந்தாலும் பரவாயில்லை.
– மூன்று மணி நேரத்தில் முதல் ஒரு மணி வரைவுத் தாளுக்கு. இரண்டு பாகம், ஒவ்வொன்றிலும் அ, ஆ என்று நான்கு தலைப்பும் முழு வாக்கியமாக வரும் வரை நல்ல தாளைத் தொடவில்லை. நான் மெதுவாக யோசிக்கிறவன், எனக்கு இது சரி. கை வேகமானவர்கள் நாற்பது நிமிஷத்தோடு நிறுத்தலாம்.
– ஒவ்வொரு தலைப்பின் கீழும் முதலில் பிரிவு எண் அல்லது தீர்ப்பு, பிறகுதான் விளக்கம்.
– தீர்ப்பு முப்பது வேண்டாம், பன்னிரண்டு போதும். தேதியோடு.
– குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை, டீ செலவுதான் ஆனது.
– 10-க்குக் கீழே வந்தால் காப்பியை நேரில் போய்ப் பாருங்கள். கூச்சப்பட்டு நான் மார்ச் வரை போகவில்லை.

விசா புதுப்பிக்கும்போது மார்க் பட்டியல் கேட்பார்கள், ஆகவே ரத்ரபாஷை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

ஜூன் கேள்வி கோயிலே இல்லை: பொது ஒழுங்கும் கூட்டம் கூடும் உரிமையும். கூட்டத் தடை பற்றிய பென்ஜமின் தீர்ப்பு, 1933 மே 19, முதல் வரியிலேயே வைத்தேன். கட்டுப்பாடு தேவைக்கு மிஞ்சக்கூடாது என்ற இடத்தில் உதாரணம் வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் திறப்பு விழாவுக்காகத் தீவை மூடியதைப் பற்றி ஒரே வரி எழுதி, அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். மறு கரையில் நனைந்துகொண்டு நின்றவன் யார் என்று அதில் இல்லை.