கறிவேப்பிலை அழகியும் அவள் போடும் வேடமும்

வீட்டுக் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் வரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் பின்னிறகில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால், உடனே இறகை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். உடம்பு கறுப்பா? அது கறிவேப்பிலை அழகியின் பெண். உடம்பும் சிவப்பாக இருந்தால் ரோஜா அழகி அல்லது சிவப்புடல் அழகி. அவை இரண்டும் கறிவேப்பிலையில் முட்டையிடாது.

அந்த இரண்டும் புழுவாக ஆடுதீண்டாப்பாளை வகைச் செடிகளைத் தின்று, அதன் நஞ்சை உடலில் சேர்த்து வைப்பவை. ஒருமுறை கொத்திய பறவை அடுத்தமுறை ஒதுங்கிவிடும். நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்தத் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அதுவும் பெண்கள் மட்டும், அவற்றிலும் எல்லாம் இல்லை. ஒருவகைப் பெண் ரோஜா அழகி போல, இன்னொன்று சிவப்புடல் அழகி போல, மூன்றாவது ஆணைப் போலவே: கறுப்பு இறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. எல்லாம் வேடம் போடாததற்குக் காரணம் உண்டு: போலிகள் பெருகினால் பறவை ருசியான இரையையே அடிக்கடி சந்திக்கும், வேடம் பலிக்காது.

இத்தனை மாற்றமும் பல மரபணுக்களின் கூட்டுவேலை என்றே நெடுநாள் நினைத்தார்கள். 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணுதான் என்று 2014-ல் தெரிந்தது. ஆண், பெண் உடல் வேறுபாட்டை வடிவமைக்கும் அதே மரபணு! எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

புழுவும் வேடதாரிதான். முதல் நான்கு வளர்ச்சிப் பருவம் அச்சு அசலாகப் பறவை எச்சம், ஐந்தாவதில் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்புக் கொம்பு நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள், செடி மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.