உப்பும் ஹாமும்: டிசம்பர் குறிப்புகள்

டிசம்பர் 19
இதயம் பலவீனமான அத்தையின் எடை ஒரே இரவில் இரண்டு பவுண்டு கூடியிருக்கிறது. கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது, உடம்பில் நீர் தேங்குகிறது.

டிசம்பர் 20
கிறிஸ்துமஸ் ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றித் தொடை, வந்துவிட்டது. உப்புப் பூசி மாதக்கணக்கில் தொங்கவிட்ட வர்ஜீனியா கன்ட்ரி ஹாம்; துணிப்பையைப் பிரித்தால் தோலின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை, அதைத் தேய்த்துக் கழுவினால் போதும். இறைச்சியிலிருந்து நீரை உறிஞ்சி அதைக் கெடாமல் காக்கும் அதே உப்புதான், அத்தையின் உடம்பில் நீரைத் தேக்கி வைக்கிறது.

டிசம்பர் 21
நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்தைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. சாதாரண ஹாமிலேயே 100 கிராமுக்குச் சுமார் 1,200 மில்லிகிராம் இருக்கிறது. கன்ட்ரி ஹாமில் அதைவிட மிக அதிகம். புரதம் 20 கிராமுக்கு மேல் கிடைக்கிறதே என்று கொழுந்தனார் வாதாடுகிறார். அந்தப் புரதத்தை உப்பில்லாத கோழியிலும் பெறலாம் என்பதை அவர் கேட்பதாயில்லை. ஹாமையாவது எல்லோரும் சந்தேகிக்கிறார்கள், டப்பா சூப் ஊற்றிச் சுட்ட பீன்ஸ் கேசரோலிலும் பேக்கிங் பவுடர் சேர்த்த பிஸ்கட்டிலும் உள்ள சோடியத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

டிசம்பர் 22
எடை குறையவில்லை.

டிசம்பர் 23
நேற்றிரவே ஹாமை ஊறப்போட்டேன். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன், இன்னும் கரிக்கிறது.

டிசம்பர் 24
பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் (புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை) 2015-இல் சேர்த்த செய்தியை என் கணவர் அலுவலகத்திலிருந்து அனுப்பியிருக்கிறார். தினமும் 50 கிராம் தின்றால் குடல் புற்றுநோய் அபாயம் கூடும் என்ற எச்சரிக்கை அது. அத்தைக்கு இப்போது குடல் அவசரமில்லை, இதயம்தான் அவசரம்.

ஹாமை வேகவைத்துத் தோலை உரித்து, கொழுப்பில் கட்டம் கட்டமாகக் கீறிக் கிராம்பு குத்தினேன். வெல்ல நிறத்துச் சர்க்கரை உருகி வழிந்தபோது, அடுப்பருகே நாற்காலியைப் போடச் சொல்லி அத்தை உட்கார்ந்துகொண்டார்.

டிசம்பர் 25
காகிதம்போல் சீவிய ஒரே துண்டு, உப்பில்லாத சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஆரஞ்சுச் சுளைகள். இரண்டாவது துண்டைக் கேட்டார். நான் மறுத்தேன், கொழுந்தனார் வைத்துவிட்டார். அவரோடு இன்று பேசவில்லை.

டிசம்பர் 26
அத்தையின் எடை மூன்று பவுண்டு கூடிவிட்டது. எலும்பை எறிந்துவிடாதே, புத்தாண்டன்று காராமணியோடு போட்டு வேகவைக்க வேண்டும் என்கிறார் அத்தை. செவிலியர் எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறேன், யாரும் எடுக்கவில்லை.