கணக்கில் வராத கழுகுகள்

பொன்னிறக் கழுகுகளின் நிலை குறித்து யார் கேட்டாலும் முதலில் சொல்லப்படுவது இணைகளின் எண்ணிக்கைதான். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 442ஆக இருந்த இணைகள் 2015இல் 508ஆக உயர்ந்தன. அங்கே கூடுகளைக் கண்காணிக்கும் பணியில் இருக்கும் எனக்கும் அது நல்ல செய்திதான். ஆயினும் களப்பதிவுகள் மேசைக்கு வரும்போது நான் முதலில் தேடுவது அந்த எண்ணை அல்ல. கூட்டுக்கு உரிய பறவைகளின் வயதை.

இந்தக் கழுகு முதிர்ச்சியடைய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை இறக்கையிலும் வாலின் அடியிலும் வெண்மை தெரியும். இரைதேடவும் கூடுகட்டவும் தமக்கென்று காத்துக்கொள்ளும் நிலப்பரப்பு, அதாவது சொந்த எல்லை, இல்லாத பறவைகள், முதிர்ந்த பிறகும்கூட, மலைக்கு மலை அலைந்துகொண்டிருக்கும். எல்லையுள்ள இணையில் ஒன்று இறந்தால் இவற்றுள் முதிர்ந்த ஒன்று வந்து இடத்தை நிரப்பிவிடும் என்பதால், இறப்புகள் கூடினாலும் இணைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு அசையாமலே நிற்கும். முதிர்ந்த நாடோடிகள் தீர்ந்த பிறகுதான் வெள்ளை வால் மாறாத பறவைக்கு இணையில் இடம் கிடைக்கிறது. எனவே பழைய எல்லையொன்றில் இளம்பறவை அமர்ந்திருப்பதாகப் பதிவு வந்தால், எண்ணிக்கை குறையாதபோதும் எச்சரிக்கை அடைகிறோம். நாடோடிகளே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஹாஸ்வாட்டர் ஏரிப்பகுதி சான்று: 2004இல் துணையை இழந்த ஆண் கழுகு, 2015இல் கடைசியாகக் காணப்படும்வரை, வேறு துணையின்றியே இருந்தது.

இழப்பை இனப்பெருக்கத்தால் விரைவில் ஈடுசெய்யவும் இயலாது. பெரும்பாலும் இரண்டு முட்டைகள். மூத்த குஞ்சு இளையதைக் கொன்றுவிடுவது சாதாரணம். இரை குறைந்த ஆண்டுகளில் பல இணைகள் முட்டையிடுவதே இல்லை.

இறப்புக்கான காரணங்களில் காற்றாலைகள்தான் அதிகம் பேசப்படுகின்றன, ஈயம் பேசப்படுவதில்லை. வேட்டைக்காரர்கள் மானைச் சுட்ட இடத்திலேயே அறுத்து விட்டுச்செல்லும் குடலில் தோட்டாத் துகள்கள் சிதறியிருக்கும். குளிர்காலத்தில் அதைத் தின்னும் கழுகின் உடலில் ஈயம் சேர்கிறது. அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்து 2022இல் வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ பாதிப் பறவைகளில் நீண்டகால ஈய நஞ்சேற்றம் இருந்ததைக் கண்டது. அதனால் பொன்னிறக் கழுகுகளின் பெருக்க வீதம் ஆண்டுக்கு 0.8 விழுக்காடு குறைகிறது என்றும் கணித்தது. ஏறுவதும் இறங்குவதும் அற்று நிற்கும் ஒரு தொகைக்கு அந்தச் சிறு பின்னம் அற்பமன்று.

ஸ்காட்லாந்தின் சிக்கல் வேறு வகை. செயற்கைக்கோள் கருவி பொருத்திய 131 கழுகுகளில் 41 சந்தேகத்துக்குரிய முறையில் மறைந்துபோயின என்று 2017ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. அவற்றில் பல, குரௌஸ் பறவை வேட்டைக்காகப் பராமரிக்கப்படும் மேட்டுநிலங்களில் மறைந்தவை. அந்த வேட்டைக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் 2024இல்தான் வந்தது. கருவிகள் இல்லாதிருந்தால் இந்த இழப்பு எந்தக் கணக்கெடுப்பிலும் தெரிந்திருக்காது, ஏனெனில் மறைந்தவை எந்த இணையிலும் சேராத இளம்பறவைகள்.

தென் ஸ்காட்லாந்தில் மட்டும் வயதுப் பதிவை வேறு விதமாகப் படிக்கிறோம். 2018இல் தொடங்கி வடக்கிலிருந்து இளம் கழுகுகள் அங்கே கொண்டுவந்து விடப்பட்டன. காலியான எல்லைகள் நிறைய, போட்டியிட முதிர்ந்த பறவைகள் குறைவு. ஆகையால் இளையவை இணைசேர்வது அங்கே பற்றாக்குறையின் அடையாளமன்று, பரவுதலின் அடையாளம். ஒரே குறிப்பு இரண்டு இடங்களில் எதிரெதிர்ப் பொருள் தருவதால், வயதோடு அந்த எல்லையின் முந்தைய ஆண்டுப் பதிவையும் சேர்த்து வைத்த பிறகே முடிவு எழுதுகிறோம்.