எவ்வளவு டெஸ்ட் எழுதினால் போதும்?

கவரேஜ் (டெஸ்ட்கள் ஓடும்போது கோடில் எத்தனை சதவீதம் ஓடுகிறது என்ற அளவு) 80 சதவீதம் வந்தால்தான் புதிய கோடை மெயின் கோடுடன் மெர்ஜ் செய்வோம் என்று விதி வைக்கும் டீம்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு வரி ஓடியதா என்பதை மட்டும்தான் கவரேஜ் சொல்லும். விடை சரியா என்று சோதிக்கும் அசெர்ட் ஒன்றுகூட இல்லாத டெஸ்டும் அந்த எண்ணை ஏற்றிவிடும்.

நான் முதலில் பார்ப்பது, எது உடைந்தால் பயனருக்குப் பணமோ தரவோ போகும் என்பதைத்தான். லாகின், பேமெண்ட், யூஆர்எல்லில் எண்ணை மாற்றி ஒருவருடைய ஆர்டரை இன்னொருவர் பார்த்துவிட முடியுமா என்பது, இதற்கெல்லாம் டெஸ்ட் இல்லாமல் ரிலீஸ் செய்யவே கூடாது. தள்ளுபடிக் கணக்கு போடும் ஃபங்ஷன் என்றால் பூஜ்ஜியம், மைனஸ் எண், விலையைவிடப் பெரிய தள்ளுபடி, ரவுண்டிங் என்று அந்த ஃபங்ஷனை மட்டும் தனியாகச் சோதிக்கும் பத்து யூனிட் டெஸ்ட் எழுதினாலும் ஒரு நொடிக்குள் ஓடிவிடும். அதையே பிளேரைட் என்ற தானியங்கி டெஸ்ட் கருவியில் பிரவுசரைத் திறந்து சோதித்தால் நேரமும் போகும், நெட்வொர்க் கொஞ்சம் இழுத்தால் காரணமே இல்லாமல் ஃபெயிலும் ஆகும். அப்படிப் பொய்யாகக் கத்தும் டெஸ்டை யாரும் நம்ப மாட்டார்கள், அப்புறம் உண்மையான பிழை வந்தாலும் ‘திரும்ப ஓட்டிப் பார்’ என்று போய்விடுவார்கள். அதனால் பிரவுசர் டெஸ்ட் முக்கியமான நாலைந்து பாதைகளுக்கு மட்டும் போதும்.

பட்டன் நிறம், ‘எங்களைப் பற்றி’ பக்கம்? கண்ணால் பார்த்தால் சரி. ஆனால் பயனர்கள் கையில் ஓடும் புரொடக்‌ஷனில் ஒரு பிழை வந்துவிட்டால், கோடில் கை வைப்பதற்கு முன்பே அதைப் பிடிக்கும் டெஸ்டை எழுதி, அது ஃபெயில் ஆவதைப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.