மேனிஃபோல்டு ஸ்டட் முறிந்ததும், ஆன செலவும் பட்ட பாடும்

என் காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி) இரண்டு ஸ்டட் (அதை எஞ்சினோடு பிடித்திருக்கும், தலையில்லாத மரைக் கம்பி) முறிந்து, அதைச் சரிசெய்து முடித்தபோது வந்த பில்லில் புது ஸ்டட், நட், இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் எல்லாம் சேர்த்துப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி முழுக்கக் கூலி. வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில், அந்தக் கூலி நியாயமானது என்றே சொல்வேன். ஆனால் அது எப்படி ஏறுகிறது, எந்த இடத்தில் கட்டுக்குள் வைக்கலாம் என்பது வண்டியை விடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அறிகுறி எளிமையானது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம்; ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதே வேகத்தில் கூடும்; கொஞ்ச தூரம் ஓடி சூடானதும் அடங்கிவிடும். முதலில் பார்த்தவர் டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்றார். இரண்டும் கேட்க ஒரே மாதிரிதான் இருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது. முடிவு சொன்னது கரி. ஹீட் ஷீல்டைக் கழற்றிப் பார்த்தால், கடைசி சிலிண்டருக்குப் பக்கத்தில் மேனிஃபோல்டும் ஹெட்டும் (சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக இருக்கும் எஞ்சின் பாகம்) சேரும் இடத்தில் கறுப்பாகப் புகை அடித்த தடம். அங்கே இருக்க வேண்டிய ஒரு ஸ்டட்டில் பாதியைக் காணோம். முன்கோடியில் இருந்த இன்னொன்று ஹெட்டின் முகத்துக்கும் உள்ளே முறிந்திருந்தது.

ஏன் எப்போதும் கோடியில் இருப்பவையே முறிகின்றன? மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அரை மீட்டர் நீளமுள்ள இரும்புக்கு 500 டிகிரி சூடு ஏறினால் அது இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஹெட்டுக்குள் கூலன்ட் ஓடுவதால் அது 100 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும்; அதே நீளத்தில் அதன் நீட்சி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு ஓட்டத்திலும் தாங்குவது ஸ்டட். நடுவில் இருப்பவைக்கு நகர்வு குறைவு, கோடியில் இருப்பவைக்கு அதிகம். வருடக்கணக்கில் இப்படி வளைந்து நிமிர்ந்து களைத்துப்போன இரும்பு, துருவும் சேர்ந்துகொண்டால், ஒருநாள் விட்டுவிடும்.

சத்தம் அடங்கிவிடுகிறதே என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய பேர். தயவுசெய்து வேண்டாம். கசிவில் வருவது கார்பன் மோனாக்சைடு கலந்த புகை. அது ஏசி வழியாக உள்ளே வரலாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இருக்காது. ஒவ்வொரு புகை வீச்சுக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுவதால், ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகச் சொல்லி, எஞ்சின் வீணாக அதிகம் குடிக்கும். முறிந்தது சுமந்த பாரம் பக்கத்து ஸ்டட்டுக்குப் போகும். கசியும் சூடான வாயு மேனிஃபோல்டின் முகத்தை அரித்துவிட்டால் மேனிஃபோல்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும்.

சரி, கூலிக்கு வருவோம். முதலில் கேட்ட பட்டறையில் ஹெட்டையே கழற்ற வேண்டும் என்றார்கள். அப்படிச் செய்தால் ஹெட் கேஸ்கட், கூலன்ட், டைமிங் என்று பட்டியல் நீளும்; பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டையும் புதிதாகத்தான் போட வேண்டும். இன்னொரு இடத்தில் மிகக் குறைவாகச் சொன்னார்கள். கழற்றும்போது இன்னும் ஒன்றிரண்டு முறிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அப்போ பாத்துக்கலாம் சார்" என்பதோடு பேச்சு முடிந்தது. மேனிஃபோல்டு கழற்றி மாட்ட இவ்வளவு நேரம் என்று பட்டறைகளிடம் ஒரு கணக்கு உண்டு. எல்லா நட்டும் ஒழுங்காகக் கழலும் என்று நம்பிப் போட்ட கணக்கு அது. முறிந்த துண்டு ஒன்று பத்து நிமிடத்திலும் வரும், அரை நாளும் எடுக்கும். அதைப் பற்றிப் பேசாத விலை, விலையே இல்லை.

நான் வேலையைக் கொடுத்தவர் வெல்டிங்கிலும் கைதேர்ந்த ஒரு மூத்த மெக்கானிக். அவர் படிப்படியாகச் சொன்னார். கழற்றி மாட்ட இவ்வளவு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுக்கு இவ்வளவு. உள்ளே முறிந்ததற்கு இவ்வளவு. மரை போய்விட்டால், அங்கே புது மரையாகப் போடும் கம்பிச் சுருளான ஹெலிகாயிலுக்கு இவ்வளவு. இது எதுவும் முடியாவிட்டால் நிறுத்திவிட்டு உங்களைக் கேட்டுத்தான் ஹெட்டில் கை வைப்பேன். தொகை சின்னதில்லை. ஆனால் எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்தது.

வண்டியை விடுவதற்கு முன்பே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடச் சொன்னார், எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். கழற்றும்போது ஒரே பக்கமாக இழுக்கவில்லை. கொஞ்சம் இளக்கி, திரும்ப இறுக்கி, மறுபடி இளக்கி, அடம்பிடித்தவற்றுக்குச் சூடு காட்டி, பொறுமையாகப் போனார். அப்படியும் ஒன்று முறிந்தது. அது எதிர்பார்த்ததுதான். நீளமாக வெளியே நின்றதால் அது பெரிய தொல்லை தரவில்லை.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோல் குழாய்ப் பக்கம் தீப்பொறி படாமல் மூடி, தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வைத்தார். நீட்டிக்கொண்டிருந்த துண்டுகளின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் நடுத்துளை வழியாக வெல்டிங் செய்தார். கொஞ்சம் ஆறியதும் ஸ்பேனரால் முன்னும் பின்னும் அசைத்தார். ஸ்டட் மெதுவாகச் சுழன்று வந்தது. இந்த முறையில் பற்று வைப்பது மட்டும் வேலை இல்லை. வெல்டிங்கின் சூடு துண்டுக்குள் இறங்கி, மரையில் பிடித்திருக்கும் துருவை உடைக்கிறது. இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் ஹெட்டோடு சேர்ந்துகொள்ளும் பயமும் குறைவு.

உள்ளே முறிந்ததுதான் நேரத்தைத் தின்றது. துண்டின் மேல் சிறுகச் சிறுக வெல்டிங் வைத்து உயர்த்தி, ஒரு வாஷரைப் பற்றவைத்து, அதன்மேல் நட்டைப் பற்றவைத்துத் திருப்பினார். பற்று விட்டுப்போனது. மறுபடி வைத்தார், மறுபடி விட்டது. ஈஸி அவுட் (முறிந்த துண்டில் துளை போட்டு, அதில் நுழைத்துத் திருப்பி எடுக்கும் கருவி) போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அது உள்ளே உடைஞ்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது தம்பி" என்றார். ஈஸி அவுட் மிகக் கடினமான எஃகு. சாதாரண டிரில் அதில் ஏறாது. ஸ்டட்டே திரும்ப மறுக்கும் இடத்தில், அதைவிட மெல்லிய ஒன்றை நுழைத்து முறுக்கினால் உடைவது எது என்று யோசித்தாலே போதும். உடைந்தபின், மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன்தான் வழி. அதற்குப் பெரும்பாலும் ஹெட் கழல வேண்டும். இந்த வேலையில் நான் பார்த்த மிகப் பெரிய செலவு ஆபத்து இதுதான். வெளியே பார்க்கப் போகும் முன் வீட்டிலேயே ஒரு துளை போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஓரமாகப் போன துளை, நல்ல கைகாரரின் வேலையையும் இரட்டிப்பாக்கிவிடும்.

கடைசியில் டிரில்தான். பக்கத்து ஸ்டட் துளைகளில் ஒரு தடித்த இரும்புத் தகட்டை முடுக்கி, அதிலிருந்த வழிகாட்டித் துளை வழியாக நேர் நடுவில் இறக்கினார். எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு மரை வெட்டும் துளை 6.8 மில்லிமீட்டர். அதற்குச் சற்றுக் குறைவாக நிறுத்தி, மிச்சமிருந்த தோலை உரித்தெடுக்கப் பார்த்தார். அலுமினிய மரையில் பாதி கூடவே வந்துவிட்டது. ஆகவே அந்தத் துளையில் ஹெலிகாயில் போட்டார். சரியாகப் போட்ட ஹெலிகாயில் அலுமினியத்தில் பழைய மரையைவிட உறுதியாகவே பிடிக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

மேனிஃபோல்டின் முகத்தில் நேர்கோல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்ததில் அதுவும் வளைந்திருந்தது. லேத் பட்டறையில் முகம் தட்டையாக்கி வாங்கினோம். இந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வளைந்த மேனிஃபோல்டை இழுத்து இறுக்கினால் புது ஸ்டட்டும் அதே வழியில்தான் போகும்.

முறியாத ஸ்டட்களையும் சேர்த்து எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். அவையும் அதே வயது, அதே சூடு பட்டவை. பிரித்துப்போட்ட நேரத்தில் மாற்றினால் ஸ்டட் விலை மட்டும்தான். துளைகளைச் சுத்தம் செய்து, புது கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அந்த எஞ்சினுக்குச் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் படிப்படியாக முடுக்கினார். சில எஞ்சின்களில் ஸ்டட் துளை கூலன்ட் பாதைக்குள் திறக்கும். அப்படி இருந்தால் மரையில் சீலன்ட் போட வேண்டும். என்னுடையதில் அது இல்லை.

மொத்தம், ஹெட் கழற்றும் பட்டறை சொன்னதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது. மலிவாகச் சொன்ன இடத்தைவிட வெகு அதிகம். ஸ்டார்ட் செய்ததும் மேனிஃபோல்டில் ஒட்டியிருந்த எண்ணெய் எரிந்து சற்று நேரம் புகைந்தது, அவ்வளவுதான். சில நாள் ஓட்டியபின், எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில், நட்டுகளை அதே அளவில் ஒருமுறை சரிபார்த்தார். ஹெலிகாயில் போட்ட ஸ்டட்டும் இளகவில்லை.