விசா வரும்வரை வண்ணாரப்பேட்டை

வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியாவில் தத்தெடுப்பவர்களுக்கான குறிப்புகளில் கடைசிக் கட்டம் ஒரே வரியில் முடிந்துவிடும்: ஆணை வந்ததும் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்ததும் விசா, விசா வந்ததும் விமானம். எங்களுக்கு அந்த ஒரு வரிக்குள் ஒரு முழுக் கோடை போனது. ஆறு வயதுப் பெண், நாலு வயதுப் பையன், இருவரும் உடன்பிறந்தவர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் என் அம்மா வீட்டின் மாடியில் எங்களோடு இருந்தார்கள். காகிதம் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஆள் உண்டு. அது நிற்கும் நாட்களில் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

காகிதக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நானும் கணவரும் அமெரிக்கக் குடிமக்கள், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கானது) இருக்கிறது. அதனால் காராவில் (மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம்) நாங்களே நேராகப் பதிய முடியாது, அங்கே அங்கீகாரம் பெற்ற முகமை வழியாகத்தான் போக வேண்டும். கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் வரிசை மிக நீளம். உடன்பிறந்தவர்களும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளும் உள்நாட்டில் யாரும் முன்வராதபோது வெளிநாட்டுப் பட்டியலுக்கு வருவார்கள். எங்கள் பிள்ளைகள் அப்படி வந்தவர்கள்தான், ஆந்திராவில் ஒரு காப்பகத்திலிருந்து. அமெரிக்கப் பக்கம் எங்கள் தகுதிக்கான ஐ-800ஏ மனு, பிறகு பிள்ளைகளின் பெயரில் ஐ-800 மனு, அதற்குத் தற்காலிக ஒப்புதல், பிறகு நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையின் 5ஆம் பிரிவுக் கடிதம், அதாவது பிள்ளைகள் அமெரிக்காவுக்குள் வரலாம் என்று அந்நாடு இந்தியாவுக்குத் தரும் உறுதி. இந்த வரிசை மாறக் கூடாது. கடிதம் வரும்முன் பாசத்தில் பிள்ளைகளைக் கைக்கு வாங்கிவிட்டால் மனுவே சிக்கலாகிவிடும். அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் காராவின் தடையின்மைச் சான்று. அது வந்ததும், ஆணைக்குக் காத்திருக்கும் இடைக்காலத்தில், உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்து இந்தியாவுக்குள் பிள்ளைகளை நம்மோடு வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. பலர் எல்லாம் முடிந்த பிறகு வந்து ஒரே வாரத்தில் அழைத்துப்போய்விடுகிறார்கள். நாங்கள் முன்னாலேயே வந்தோம். அமெரிக்காவில் தத்தெடுப்புக்கும் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. நான் அதை எடுத்தேன். அவர் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் முன்னால் வருவதே நல்லது. காப்பகத்தை விட்டு வந்த வாரமே புது நாடு, புது மொழி, புதுக் குளிர் என்று எல்லாவற்றையும் ஒரு பிள்ளையின் தலையில் இறக்குவானேன். எங்கள் தெருவில் தெலுங்கு பேசாத வீட்டை எண்ணிவிடலாம். எதிர் வீட்டு ஆயா சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் வீட்டுப் பேச்சு தெலுங்கு. ஒருநாள் கீழே நின்றுகொண்டு "தின்னாவா?" என்று கேட்டார். அதுவரை வாயே திறக்காத பெரியவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று முழுதாக ஒப்பித்தாள். நான் பள்ளியில் தோழிகளிடம் பொறுக்கிய தெலுங்கை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக முயன்றது ஆயாவுக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்தது. பொறாமையாகத்தான் இருந்தது.

சின்னவனிடம் பிரச்சினை வேறு. யார் கை நீட்டினாலும் போய்விடுவான். பால் பாக்கெட் போடுகிறவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், யாராக இருந்தாலும் சரி. "இன்னாமா பழகுது பாரு புள்ள!" என்று தெருவே மெச்சியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறும் இடத்தில் வளர்ந்த பிள்ளைக்கு எல்லாக் கையும் ஒன்றுதான். அவனுக்கு ஊட்டுவது, தூக்குவது, அடிபட்டால் தேற்றுவது எல்லாம் கொஞ்ச நாளைக்கு எங்கள் மூவரோடு நிற்க வேண்டும் என்று முகமையின் சமூகப் பணியாளர் சொல்லியிருந்தார். அமெரிக்கப் புறநகரில் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்துவிடலாம். வண்ணாரப்பேட்டையில் எந்தக் கதவைச் சாத்துவது? "நான் தூக்குனா தேஞ்சா பூடுவான்?" என்று அத்தை முறையுள்ள ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இன்னும் சரியாகப் பேசுவதில்லை. விஷயத்தை முதலில் பிடித்துக்கொண்டவர் எதிர் வீட்டு ஆயாதான். சின்னவன் வந்து காலைக் கட்டிக்கொண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உங்கம்மாவைக் கேளு" என்பார் தெலுங்கில். பிறகு தெருவுக்கே அவர்தான் காவல். யாராவது முறுக்கை நீட்டினால் போதும், திண்ணையிலிருந்து சத்தம் வரும்: "ஏய், அவங்கம்மா கைல குடு!"

பெரியவள் யாரிடமும் போகமாட்டாள். அவள் பிள்ளையே அல்ல, தம்பிக்கு அம்மா. அவன் தட்டில் சோறு விழுந்த பிறகுதான் தன் தட்டைத் தொடுவாள். சாப்பிட்டதும் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். அவனைக் குளிப்பாட்ட நான் போனால் வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். "பாவம் குழந்த, ஓடி வெளையாடட்டும், நீ செய்யி" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவள் கையிலிருந்த ஒரே வேலையை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம் என்று சமூகப் பணியாளர் போனில் சொன்னார். அதனால் பங்கு பிரித்தோம். சோப்பு அவள், தண்ணீர் நான். பிறகு தலை துவட்டுவது என் பங்குக்கு வந்தது, பிறகு சட்டை மாட்டுவது. ஒருநாள் சோப்பு போடும்போதே கீழே யாரோ பம்பரம் விடும் சத்தம் கேட்டு, சோப்பை என் கையில் வைத்துவிட்டு ஓடினாள். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தலையாட்டி நிறுத்தினேன்.

தூக்கம் வேறு சங்கதி. கட்டில் வேண்டாம் என்றார்கள். நடுக்கூடத்தில் பாய் விரித்து, வரிசையாகப் படுத்து, விளக்கை அணைக்காமல் தூங்கினோம். எம்.சி. ரோட்டில் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பைப் பெரியவள் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள், திடீரென்று கிளம்பச் சொன்னால் தேட வேண்டியிருக்காது அல்லவா. தலையணை உறைக்குள் ரஸ்க் இருந்ததை எறும்பு வரிசை காட்டிக்கொடுத்தது. நான் எதுவும் கேட்கவில்லை. மூடியுள்ள டப்பா ஒன்றை அவள் கைக்கு எட்டும் அலமாரியில் வைத்து, எப்போதும் ரஸ்க் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எப்போது நின்றது என்று குறிப்பாகச் சொல்லத் தெரியவில்லை. செருப்பு மட்டும் விமானம் ஏறும்வரை தலைமாட்டில்தான்.

பள்ளி விடுமுறை என்பதால் தெரு முழுக்கப் பிள்ளைகள். வெயில் தாழ்ந்தபின் ராயபுரம் ராபின்சன் பூங்கா. 1949இல் திமுக தொடக்கக் கூட்டம் நடந்த இடம் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் யாராவது தினமும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார்கள், சின்னவனுக்கே ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காசிமேடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் நெருக்கியடித்து நிற்க, ஃபைபர் படகுகள் மட்டும் போய்வந்தன. வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு அம்மா காரப்பொடி மீனோடு திரும்புவாள். கடலையே பார்த்திராத பிள்ளைகள், முதல் தடவை அலை காலைத் தொட்டதும் இரண்டு பேரும் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் என் புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவள் தம்பியை விட்டுவிட்டு என்னைப் பிடித்தாள் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

வாய்க்கு வந்ததைக் கேட்பவர்களும் உண்டு. "எவ்ளோ குட்த்து வாங்கினீங்க?" பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போதே. தமிழ் புரியாது என்ற தைரியம். கோடை முடிவதற்குள் பெரியவளுக்கு எல்லாம் புரிந்தது. "சொந்தத்துலயே ஒண்ண எடுத்திருக்கலாமே" என்பவர்களுக்கு அம்மா வைத்திருந்த பதில்: "இது சொந்தம்தான், வேற இன்னா?" குடும்ப வாட்ஸ்அப்பில் படம் கேட்டு நச்சரித்தார்கள். ஆணை வரும்வரை ஒரு படமும் போடவில்லை. வந்த பிறகும் போடவில்லை.

ஆணைக்காகப் பினாகினி எக்ஸ்பிரஸில் ஆந்திராவுக்குப் போனோம். 2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணையை நீதிமன்றம் தருவதில்லை, மாவட்ட ஆட்சியர்தான் தருகிறார். விசாரணை மூடிய அறையில். ஐந்து வயது தாண்டிய பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள். பெரியவளிடம் தெலுங்கில் பேசினார்கள். என்ன கேட்டார்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. வெளியே வந்து பசிக்கிறது என்றாள்.

ஆணை கைக்கு வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே ஓர் ஓரமாக உட்கார்ந்து பெயர், பிறந்த தேதி, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். எங்களுடையதில் ஆணை சரியாக இருந்தது. பிறகு வந்த ஒரு சான்றில் சின்னவன் பெயரில் ஓர் எழுத்துக் கூடியிருந்தது. அதைக் கொடுத்த அலுவலகத்தில் "பரவால்லமா, இதே போதும்" என்றார்கள். போதாது. அதைத் திருத்தி வாங்கத்தான் கோடையின் பெரும்பகுதி போனது. ஆணை இணையதளத்தில் ஏறியதும், தத்து ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்று சொல்லும் 23ஆம் பிரிவு இசைவுச் சான்றைக் காரா சீக்கிரமே தந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்குக் காப்பகமே விண்ணப்பிக்கிறது, விதிப்படி பத்து நாளில் வர வேண்டும். ஆனால் எழுத்துக்கு எழுத்து பொருந்தாமல் எதுவும் நகராது.

மருத்துவப் பரிசோதனை சென்னையிலேயே, அமெரிக்கத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம். இரண்டு முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைகளுக்குக் காசநோய்க்கு ரத்தப் பரிசோதனை உண்டு. பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட தழும்பு இருக்கிறதே, தப்பாகக் காட்டிவிடுமோ என்று பயந்தேன். இந்த ரத்தப் பரிசோதனையை பிசிஜி பாதிக்காது, தோலில் போடும் சோதனையைத்தான் குழப்பும் என்று மருத்துவர் விளக்கினார். தடுப்பூசி அட்டையில் இன்னொரு விஷயம். நம் அரசுத் திட்டத்தில் போடுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும், அங்கே பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த ஊசி கேட்பார்கள். பத்து வயதுக்கு உட்பட்ட தத்துப் பிள்ளைகளுக்கு, போய்ச் சேர்ந்து 30 நாளுக்குள் போட்டுக்கொள்கிறோம் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம். நாங்கள் எழுதிக் கொடுத்தோம். ரத்தம் எடுத்த அன்றே மறுபடி ஊசி என்றால் சின்னவன் ஆஸ்பத்திரியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான்.

இதற்கு நடுவே மொட்டைச் சண்டை. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் சின்னவனுக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டும் என்று அம்மா நேர்ந்துகொண்டிருந்தாள். விசாவுக்கு எடுத்த படத்தில் நெற்றி மறைய முடி. "மொட்டையோட போனா ஆள் மாறிட்டான்னு கேட்டுடுவாங்கம்மா" என்றேன். "சாமிக்குக் கூடவா போட்டோ காட்டணும்?" என்று இரண்டு நாள் பேசவில்லை.

விசா நேர்காணல் எங்களுக்கு டெல்லியில். கணவர் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். கேள்விகள் சில நிமிடம்தான். அதற்குள் பெரியவள் அவரிடம் தமிழில் எதையோ கேட்டு, அவர் தமிழிலேயே பதில் சொன்னார். ஐஎச்-3 வகை விசா, தத்து இந்தியாவிலேயே முடிந்த பிள்ளைகளுக்கானது. 2000ஆம் ஆண்டுக் குழந்தைக் குடியுரிமைச் சட்டப்படி, அந்த விசாவில் போகும் பிள்ளை அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டதுமே குடியுரிமை பெறுகிறது. சான்றிதழ் பின்னால் தபாலில் வரும்.

போன பிறகும் காரா விடாது. முதல் வருடம் மூன்று மாதத்துக்கொன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கொன்று என மொத்தம் ஆறு அறிக்கை போக வேண்டும். முகமையின் ஆள் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதுவார். முதலாவது போயாகிவிட்டது. பள்ளியில் எப்படி, தூக்கம் எப்படி, எடை எவ்வளவு, எல்லாம் உண்டு. மொட்டைக்கு அதில் இடம் இல்லை. அதை அடுத்த விடுமுறைக்கு அம்மா தேதி குறித்து வைத்திருக்கிறாள்.