ஓகஸ்டில் எடுத்த மட்டம்

வன்னியில் இருந்த சிறிய விமானத்தளம் ஒன்றைப் பயணிகள் சேவைக்கு ஏற்ற வகையில் மேம்படுத்துவதற்கான முன்திட்டத்தைத் தயாரித்த குழுவில், குடிசார் பொறியியலாளனாகச் சில மாதங்கள் பணியாற்றினேன். யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னையிலிருந்து ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானம் வந்திறங்கிய பின்னர், எங்கள் பக்கத்துக்கும் அப்படியொன்று வராதா என்று தேநீர்க் கடைகளில்கூடப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சின் சூட்டோடுதான் நானும் வேலையில் சேர்ந்தேன்.

ஓடுபாதையையும் விமானத் தரிப்பிடத்தையும் இணைக்கும் டாக்ஸிவேயின் அகலத்தை விமானத்தின் சில்லுகளே தீர்மானிக்கின்றன. பிரதான சில்லுகளின் வெளி விளிம்புகளுக்கிடையிலான தூரம் 6 மீற்றருக்குக் குறைவாக உள்ள ஏடிஆர் 72 போன்றவற்றுக்கு 10.5 மீற்றர் போதும். அதைவிடப் பெரிய ஜெட் விமானமான ஏ320 வரவேண்டுமானால் 15 மீற்றர் வேண்டும். பின்னாளில் அகலப்படுத்துவதன் செலவை எண்ணி 15 மீற்றரையே எடுத்தோம். ஓடுபாதைக்குச் சமாந்தரமான டாக்ஸிவே வேண்டும் என்ற யோசனை நீண்ட விவாதமின்றிக் கைவிடப்பட்டது. நாளொன்றுக்கு ஓரிரு விமானங்கள் வந்துபோகும் இடத்தில், இறங்கிய விமானம் ஓடுபாதையின் முனையில் திரும்பி அதன்மேலேயே வந்துவிடலாம்.

முனையக் கட்டடத்தில்தான் எங்களுக்குள் முதல் முரண்பாடு வந்தது. 70 இருக்கைகள் கொண்ட இரு விமானங்கள் அடுத்தடுத்து வந்தால் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை சதுர மீற்றர் என்ற கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் பயணி ஒருவருக்கு வழியனுப்ப ஒருவர் என்று போட்டிருந்தார்கள். என் சித்தியின் மகன் கனடாவுக்குப் புறப்பட்டபோது, சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலுமாக இரவிரவாக வான் பிடித்துக் கட்டுநாயக்கவுக்குப் போனவர்கள் பதினேழு பேர். கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். கட்டடத்துக்கு வெளியே நிழல் மண்டபமும் கூடுதல் கழிப்பறைகளும் பிறகு வரைபடத்தில் ஏறின. செலவு மதிப்பீடு திரும்பி வந்தபோது மண்டபம் பாதியாகக் குறைந்திருந்தது, பிரமுகர் அறை மட்டும் அப்படியே இருந்தது. என்னைக் கேட்டிருந்தால் அந்த அறையைத்தான் முதலில் வெட்டியிருப்பேன்.

டாக்ஸிவேயில் நடந்தது என்னுடைய பிழை. தளத்தின் மட்டங்களை, அதாவது நிலத்தின் உயர வேறுபாடுகளை, ஓகஸ்டில் எடுத்தோம். கோடையில் வன்னி நிலம் கண்ணுக்குச் சமதரையாகவே தெரியும். பாதையின் குறுக்குச் சாய்வு நூற்றுக்கு 1.5, அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கு ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் வீழ்ச்சி. அந்த 11 சென்ரிமீற்றரைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்த நான், பாதைக்குக் கீழே நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மேலோட்டமாகவே பார்த்திருந்தேன். கிறவல் கொட்டி ஒரு மீற்றர் உயர்த்த வேண்டும் என்று வரைந்தேன். குறுக்கே கிடந்த காய்ந்த ஓடை மாடுகள் நடந்த தடம்போலத்தான் தெரிந்தது.

கமக்காரர் அமைப்பினரை அழைத்து வரைபடத்தைக் காட்டிய நாளில் முதியவர் ஒருவர் என்னைத் தனியே கூட்டிச்சென்றார்.

"தம்பி, நீங்கள் போடப்போறது பாதையில்லை, குளக்கட்டு. மேல்குளம் நிரம்பி வான் பாய்ஞ்சால் தண்ணி இதாலதான் கீழ்க்குளத்துக்குப் போகும்."

"எவ்வளவு தண்ணி வரும், ஐயா?"

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட 2018 டிசெம்பர் வெள்ளத்தைச் சொல்லி, அருகில் நின்ற பூவரசில் தன் இடுப்பளவுக்குக் கையை வைத்துக் காட்டினார். பிறகு கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கீறினார். அந்த இடத்தில் நான் ஒரு முளை அடித்தேன்.

டாக்ஸிவேக்குக் கீழே மதகு வேண்டும் என்பதில் அதன் பின் யாருக்கும் சந்தேகமில்லை. நீரை எங்கே திறந்துவிடுவது என்பதுதான் சிக்கலாயிற்று. நீரைத் தேக்கி மெல்ல விடும் குட்டை ஒன்றைச் சக பொறியியலாளர் முன்மொழிந்தார். கொக்கும் நாரையும் வந்திறங்கும் குட்டையை ஓடுபாதைக்குப் பக்கத்தில் வெட்டுவது, விமான இயந்திரத்துக்குள் பறவையை நாமே அழைத்து விடுவதற்குச் சமம். ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து 75 மீற்றர் வரை நிலம் சீராக இருக்கவேண்டும் என்பதால், அதற்குள் திறந்த வாய்க்காலுக்கும் இடமில்லை. கடைசியில் மூடிய வாய்க்காலாக வேலிக்கு வெளியே கொண்டுபோய்ப் பழைய ஓடையிலேயே சேர்த்தோம். அதற்குப் போன பணத்தில் முனையத்தின் அந்த மண்டபத்தை முழுதாகக் கட்டியிருக்கலாம்.

மாரி பிடித்த பின், டிசெம்பரில், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றுக்குள் நின்று மீண்டும் மட்டம் எடுத்தோம். ஓடையின் மிகத் தாழ்ந்த புள்ளி, ஓகஸ்டில் நான் அடித்திருந்த முளையிலிருந்து நான்கு மீற்றர் தள்ளி இருந்தது. மதகை அங்கே நகர்த்தி வரைந்தேன்.